கடைசி வரியில் இருந்த பெயர்கள்

போன ஆண்டு ஏப்ரல் 13. இரவு பத்து மணி தாண்டியிருக்கும். எங்கள் குடியிருப்பின் இரவுப் பாடசாலைத் திண்ணையில் போஸ்டர் கட்டைப் பிரித்தோம். விடிந்தால் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். மைதாப் பசை காய்ச்சி ஆறவைத்து, ஏணி, வாளி, துடைப்பம் எல்லாம் எடுத்து வைத்துப் பையன்கள் தயாராக நின்றார்கள்.

முதலில் கண்ணில் பட்டது நிறம். செல்போனில் பார்த்தபோது பளிச்சென்று இருந்த நீலம், தாளில் கத்தரிப்பூ நிறத்தில் வந்திருந்தது. அண்ணலின் முகம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் பெண்கள் குழுவைச் சேர்ந்த பதினோரு பேரின் பெயர்கள் அந்த வரியில் இருந்தன. தாளை வெட்டிய கத்தி அந்த வரியின் நடுவே போயிருந்தது. மேலே இருக்கும் புள்ளிகளும் விசிறிகளும் தெரிந்தன. எழுத்தின் உடலைக் காணவில்லை.

கூட்டத்தில் ஓர் ஆயா இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இரவுப் பாடசாலைக்கு வந்து, தன் பெயரை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டவர். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து நூறு ரூபாய் எடுத்துப் போஸ்டருக்கென்று கொடுத்திருந்தார். தாளைக் கையில் வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். "எங்கப்பா எம் பேரு? எந்த எடத்துல போட்டிருக்கீங்க?" என்றார். எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உடனே எங்கள் மனம் ஓடிய திசையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 'வேண்டுமென்றே வெட்டியிருக்கிறான்' என்றுதான் நினைத்தோம். அப்படி நினைப்பதற்கு எங்களுக்குக் காரணங்கள் உண்டு. எங்கள் முகவரியைக் கேட்டதும் குரலை மாற்றிக்கொண்ட கடைகளைப் பார்த்திருக்கிறோம். 'உங்க ஆளுங்க போஸ்டரா, முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டிடுங்க' என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்த ஆத்திரத்தோடு காலையில் நான்கு பேர் நகரத்து அச்சகத்தின் வாசலில் போய் நின்றோம்.

அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி சண்டைக்கு வரவில்லை. நாங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து திரையைத் திருப்பிக் காட்டினார். "அண்ணே, நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோ இதுதான். அகலம் 1200 பிக்சல், உயரம் 1600. தாளோட அளவு வேற, உங்க படத்தோட அளவு வேற. அகலத்துக்குப் பொருத்தினா மேலயும் கீழயும் அரை அரை அங்குலம் வெளியில போயிடும். உங்க கடைசி வரி அந்த அரை அங்குலத்துலதான் இருந்துச்சு."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே தம்பி?" என்றோம். கேட்டிருக்கலாம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அம்பேத்கர் பிறந்தநாள், சித்திரை முதல் நாள் என்று ஒரே இரவில் குவிந்த வேலையில் அது விட்டுப்போனது என்றார். தவற்றில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு எங்களுடையது. சாதி இந்த நாட்டில் எங்கெங்கோ ஒளிந்திருக்கிறது. அந்தக் கோப்பில் அது இல்லை. அச்சு வேலை தெரியாத எங்கள் கைதான் அந்தப் பதினோரு பெண்களின் பெயரைக் கத்திக்குக் கொடுத்திருந்தது.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தோம். எங்கள் போஸ்டரின் கோப்பை இனி நாங்களே முறையாகத் தயாரிப்பது என்று. அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஊர்தோறும் போஸ்டர் வடிவமைக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு இது பயன்படட்டும்.

சுவர் நமக்குப் பத்திரிகை

'ஒரு போஸ்டருக்கு இவ்வளவு பாடா?' என்று சிலர் கேட்கலாம். அச்சு என்பது ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒருநாளும் அலங்காரமாக இருந்ததில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக வைத்து இதழ் தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ, அந்தச் சொல்லை அச்செழுத்தில் தலைநிமிர்த்தி வைத்தார். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஏழையும் வாங்கிப் படிக்கும் விலையே அந்த இதழுக்குப் பெயரானது.

1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று அதற்குப் பொருள். அந்த இதழுக்குக் காசு கொடுத்து விளம்பரம் கேட்டபோதும் 'கேசரி' ஏடு போட மறுத்தது. மறுத்தவர்களிடமே கெஞ்சிக்கொண்டு நிற்காமல், அவர் 1927இல் 'பகிஷ்கிருத பாரத்', 1930இல் 'ஜனதா' என்று அடுத்தடுத்துத் தம் ஏடுகளை நடத்தினார். எழுதுகிற கை நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, அச்சுக்குக் கொடுக்கிற கையும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

இன்று நம் கிராமங்களில் அந்த வேலையில் ஒரு பகுதியைச் சுவரொட்டி செய்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் காசு கொடுக்காமல் படிக்கிற ஏடு அது. 'இந்த ஊரில் நாங்களும் இருக்கிறோம், எங்கள் பெயர் இது' என்று பொதுச்சுவரில் அறிவிப்பது சின்ன விஷயமல்ல. அதனால்தான் ஒரு வரி வெட்டுப்பட்டபோது எங்களுக்கு அப்படி வலித்தது.

வரைவதற்கு முன் கேள்

முதல் பாடம்: வடிவமைக்க உட்காரும் முன் அச்சகத்துக்குப் போ. எந்த முறையில் அச்சிடப் போகிறார்கள், எந்தத் தாள், வெட்டிய பின் என்ன அளவு கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள். செல்போனில் வரைந்து முடித்துவிட்டு 'இதைப் பெரிதாக்கிக் கொடுங்கள்' என்று நின்றதுதான் நாங்கள் செய்த முதல் பிழை.

நாம் வழக்கமாகக் கேட்கும் அளவுகள் இரண்டு. டெமி என்றால் தாள் 18க்கு 23 அங்குலம். டபுள் கிரவுன் என்றால் 20க்கு 30 அங்குலம். இது வெட்டாத தாளின் அளவு. ஆப்செட் இயந்திரம் தாளின் ஓர் ஓரத்தைக் கிரிப்பர் என்னும் இடுக்கியால் பிடித்து உள்ளே இழுக்கிறது. பிடித்திருக்கும் இடத்தில் மை படாது. அந்த ஓரத்தையும் சுற்றுப்புறத்தையும் வெட்டி எடுத்தால் எங்களுக்கு 18க்கு 23 தாளில் கிடைத்தது 17க்கு 22 அங்குலம். கோப்பில் வைக்க வேண்டிய அளவு இந்தக் கடைசி அளவுதான்.

எத்தனை பிரதி என்பதும் முக்கியம். ஆப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் செய்ய வேண்டும். இயந்திரத்தில் மாட்டி மையைச் சரிப்படுத்த வேண்டும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். எனவே பிரதி குறையக் குறைய ஒரு போஸ்டரின் விலை ஏறும். ஐம்பது, நூறு மட்டும் போதுமென்றால் டிஜிட்டல் அச்சு சிக்கனம். அதற்குப் பிளேட் வேண்டாம். ஆனால் பெரும்பாலான டிஜிட்டல் இயந்திரங்களில் 13க்கு 19 அங்குலத் தாளுக்கு மேல் போகாது. பெரிய சுவருக்கு அது சிறியது. டீக்கடைத் தூணுக்கும் நூலகப் பலகைக்கும் அது போதும்.

விளிம்பில் பெயரை வைக்காதே

அச்சான தாள்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி ஒரே வெட்டில் வெட்டுகிறார்கள். அடுக்கில் மேல் தாளுக்கும் கீழ்த் தாளுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரத்தான் செய்யும். இதைத் தெரிந்துகொண்டுதான் கோப்பைத் தயாரிக்க வேண்டும்.

பின்புல நிறமும் படமும் தாளின் ஓரம் வரை போக வேண்டுமென்றால், வெட்டும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி வரைய வேண்டும். இதை அச்சகத்தில் பிளீட் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இதற்கு நேர்மாறாக, எழுத்தும் முகமும் வெட்டும் கோட்டுக்கு உள்ளே தள்ளியே இருக்க வேண்டும். போஸ்டருக்கு அரை அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள். கோப்பில் வெட்டும் கோட்டைக் காட்டும் குறிகளையும் வைத்துக் கொடுத்தால் வெட்டுபவருக்குச் சந்தேகம் வராது.

எங்கள் வீட்டுப் பெண்களை விளிம்பில் வைத்திருந்தோம் என்பதையும் அப்போதுதான் யோசித்தோம். கத்தி சரியாக வெட்டியிருந்தாலும், அந்தப் பதினோரு பெயர்கள் ஏன் கடைசி வரியில், அதுவும் எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்தில் இருந்தன? ஆண்கள் பெயரெல்லாம் மேலே, பெரிய எழுத்தில், சிலருக்குப் படத்தோடு. அப்படி வரிசைப்படுத்தச் சொல்லி எந்த அச்சகமும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களாகவே போட்ட வரிசை அது. விளிம்புநிலை மக்கள் என்று மேடையில் நம்மைச் சொல்லிக்கொள்கிற நாம், நமக்குள்ளேயும் ஒரு விளிம்பை வைத்திருக்கிறோம். மென்பொருளில் இந்தத் தவற்றைத் திருத்த ஒரு நிமிடம் போதும். குழுக் கூட்டத்தில் திருத்த எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

நீலம் ஏன் ஊதாவானது

நம் கொடியின் நிறம் நீலம். அதனால் இந்தப் பாடம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

செல்போனும் கணினியும் ஒளியால் நிறம் காட்டுகின்றன: சிவப்பு, பச்சை, நீலம். இதை ஆர்ஜிபி என்பார்கள். அச்சு இயந்திரம் மையால் நிறம் காட்டுகிறது: சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. இது சிஎம்ஒய்கே. திரையில் ஒளிர்கிற நீலத்தை இந்த நான்கு மைகளாலும் அப்படியே கொண்டுவர முடியாது. திரைக் கோப்பை அப்படியே கொடுத்தால், மென்பொருள் அதைத் தானாக மாற்றும்போது சியானோடு மெஜந்தாவை ஏறக்குறைய சம அளவில் கலந்துவிடும். இரண்டும் நெருங்கினால் கண்ணுக்குத் தெரிவது ஊதா.

இதற்குத் தீர்வு எளிது. கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே முறையில் திறந்துகொள்ளுங்கள். நீலத்துக்குச் சியானை 100 வைத்தால் மெஜந்தாவை 60, 65க்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டுக்கும் நடுவே 30 புள்ளிகளாவது இடைவெளி இருக்கட்டும். நீலம் இன்னும் அடர்த்தியாக வேண்டுமென்றால் மெஜந்தாவைக் கூட்டாமல் கருப்பைக் கொஞ்சம் சேர்க்கலாம். கணினித் திரை சொல்வதை நம்பாமல், அச்சகத்தில் இருக்கும் நிற அட்டையில் கைவைத்துக் காட்டிக் கேளுங்கள்.

எழுத்துக்கான கருப்பு வேறு கதை. சின்ன எழுத்துகளைக் கருப்பு மை ஒன்றால் மட்டும் அமைக்க வேண்டும். கருப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம். நான்கு மையும் கலந்த கருப்பில் வைத்தால், ஒரு பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக நிழல் தட்டும். அதேபோல் எந்த இடத்திலும் நான்கு மைகளின் கூட்டுத்தொகை 300ஐத் தாண்டக் கூடாது. மலிவுத் தாள் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். மிஞ்சினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும்.

காசு குறைவாக இருப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை, இரண்டே நிறத்தில் அடியுங்கள். கருப்பு ஒன்று, கலந்து வைத்த தனி நீல மை ஒன்று. நான்கு பிளேட்டுக்குப் பதில் இரண்டு பிளேட். நீலம் டப்பாவிலிருந்தே நீலமாக வருவதால் ஊதாவாகும் பயமும் இல்லை. கோப்பில் அந்த நீலத்தைத் தனி நிறம் என்று குறித்துவிட வேண்டும். நீலத்தின் மேல் வரும் கருப்பு எழுத்து, நீலத்தைத் துளையிட்டு உட்காராமல் அதன் மேலேயே அச்சாகும்படி ஓவர்பிரின்ட் வைக்க வேண்டும். இல்லையென்றால் பிளேட் விலகும்போது எழுத்தின் ஓரத்தில் வெள்ளை தெரியும்.

படமும் எழுத்தும்

படத்தைப் பற்றி ஒரு கணக்கு. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். எட்டடி தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு 150 இருந்தாலும் போதும். 17 அங்குல அகலத்துக்கு 150 வீதம் கணக்கிட்டால் 2550 பிக்சல். எங்களிடம் இருந்ததோ 1200. அதாவது அங்குலத்துக்கு எழுபது. அண்ணலின் முகம் ஏன் மங்கியது என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கே பதில் சொல்லிவிட்டது. மென்பொருளில் எண்ணை 300 என்று மாற்றிவிட்டால் படம் தெளிவாகிவிடாது. இல்லாத விவரத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது. பெரிய அளவில் இருக்கும் மூலப்படத்தைத் தேடுவதுதான் வழி. வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டுமென்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது.

தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லை உண்டு. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நாம் செல்போனில் தட்டுவதெல்லாம் யூனிகோடுதான். ஆனால் பல அச்சகங்களில் பழைய மென்பொருளும், பாமினி, டாம் போன்ற பழைய முறை எழுத்துருக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் வாசகத்தை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறும். 'பேரறிஞர்' என்பதில் கொம்பு இடம் மாறி உட்கார்ந்தால் படிப்பவர் நம்மைத்தான் சிரிப்பார்.

இதைத் தவிர்க்க, வடிவமைப்பு முடிந்ததும் எழுத்துகளையெல்லாம் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். கோரல்டிராவில் இதைக் கர்வ் செய்வது என்பார்கள்; இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைன் செய்வது. மாற்றிய பின் எழுத்து வெறும் படமாகிவிடும். எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. ஆனால் மாற்றிய பின் பிழை திருத்தவும் முடியாது. ஆகவே திருத்தக்கூடிய கோப்பு ஒன்று, கர்வ் செய்த கோப்பு ஒன்று என இரண்டையும் தனித்தனியாகச் சேமியுங்கள்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க நம் பிள்ளைகளிடம் பணமில்லை. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இரண்டும் இலவசம். படமும் தலைப்பும் வரைய இங்க்ஸ்கேப். அச்சு நிறத்தில் பிடிஎஃப் எடுக்க ஸ்கிரைபஸ். கல்லூரிக் கணினி அறையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் இரண்டும் கைவந்துவிடும்.

மூன்று பேர் வாசிக்க வேண்டும்

கர்வ் செய்யும் முன் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்து, வடிவமைத்தவர் அல்லாத மூன்று பேர் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். 'அம்பேத்கர்' என்பது 'அம்பேத்கார்' ஆகியிருக்கிறதா? பிறந்தநாள் எண்ணிக்கை சரியா? அவர் பிறந்தது 1891 ஏப்ரல் 14. 2021இல் 130 ஆண்டுகள் நிறைந்தன, அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். ஒரே ஊரில் இரண்டு குழுவினர் இரண்டு எண்ணிக்கை போடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். 2022 முதல் தமிழக அரசு இந்த நாளைச் சமத்துவ நாள் என்று கடைப்பிடிக்கிறது என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

மேற்கோள் போடுகிறவர்கள் வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். அண்ணல் சொல்லாதவை பல அவர் பெயரில் சுற்றுகின்றன. அவருடைய பேச்சும் எழுத்தும் தமிழில் தொகுதி தொகுதியாக வந்திருக்கின்றன. நூலகத்தில் எடுத்துப் பார்த்து, பக்கத்தைக் குறித்துக்கொண்டு போடுங்கள்.

பெயர்களைச் சரிபார்க்க வேறு வழி கிடையாது. அந்தந்த வீட்டுக்கே போக வேண்டும். தலைப்பெழுத்து என்ன, 'ல'வா 'ள'வா, பட்டப்படிப்பைச் சேர்க்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். முகவரி வரியில் 'காலனி' என்று போடலாமா என்பதிலும் எங்களுக்குள் விவாதம் வந்தது. அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாங்களும் எடுத்துவிட்டுத் தெருவின் பெயரைப் போட்டோம். சுவரை நம்மைத் தவிர யார் திருத்துவார்கள்?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். தேர்தல் சுவரொட்டி என்றால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். மற்ற போஸ்டர்களிலும் அச்சகத்தின் பெயரைப் போடுவது நல்ல வழக்கம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒட்டுங்கள். நம் போஸ்டரைக் கிழிக்கச் சாக்குத் தேடுகிறவர்களுக்கு நாமே சாக்கு கொடுக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பிடிஎஃப் எடுங்கள். கோப்பின் பெயரிலேயே அளவு, நிறம், பிரதி எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். 'பைனல்', 'பைனல் நியூ', 'பைனல் கடைசி' என்று மூன்று கோப்பு அனுப்பினால் தவறான கோப்புதான் அச்சேறும். அச்சகத்தில் பிளேட் போடும் முன் ஒரு முறை நேரில் போய்த் திரையில் பாருங்கள். ஒரு நாள் கூலி போகும்தான். கட்டுக்கட்டாகத் தப்பான தாளை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவதைவிட அது மேல்.

இந்த ஆண்டு

இந்த ஆண்டு அதே அச்சகத்துக்குத்தான் போனோம். போன ஆண்டு திரையைத் திருப்பிக் காட்டிய அதே தம்பி எங்கள் கோப்பைத் திறந்தார். அளவைப் பார்த்தார், பிளீட்டைப் பார்த்தார், பிளேட் இரண்டா என்று பார்த்தார். "யாருண்ணே செஞ்சது?" என்றார். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எங்களோடு வந்திருந்தாள். "நான்தாண்ணே" என்றாள். அவர் வேறொன்றும் சொல்லாமல் கோப்பைப் பிளேட்டுக்கு அனுப்பினார்.

300 பிரதி. நீலம் நீலமாகவே வந்தது. பெண்களின் பதினோரு பெயர்களும் அண்ணலின் படத்துக்குக் கீழேயே, ஆண்களின் பெயர்களுக்கு மேலே இருந்தன. ஆயா திண்ணையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். தன் பெயரை முடித்ததும் நிறுத்தவில்லை. பக்கத்துப் பெயருக்குப் போனார். பதினோரு பெயரையும் வாசித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை பசை வாளியோடு பையன்கள் காத்திருந்தார்கள்.

இத்தோடு நல்லபடியாக முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் ஏப்ரல் 15 காலையில் ஊர்ப் பக்கத்துப் பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டியிருந்த நான்கு போஸ்டர்கள் கிழிந்து கிடந்தன. கிழித்தது காற்றல்ல, நகத்தால் பிறாண்டிய தடம் சுவரில் இருந்தது. யார் என்று எங்களுக்குத் தெரியாது. பையன்கள் கொதித்தார்கள். போன ஆண்டு அச்சக வாசலுக்குப் போனதுபோல் இந்த முறை ஊருக்குள் போய் நிற்க வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் தடுத்தார்கள். கிழிந்ததைப் படம் எடுத்து, காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம்.

அன்று மாலையே கையில் மிச்சமிருந்த கட்டிலிருந்து நான்கு போஸ்டர்களை எடுத்துப்போய் அதே சுவரில், அதே இடத்தில் ஒட்டினோம். இந்த முறை பசைத் துடைப்பத்தைப் பிடித்தது பெண்கள் குழு. "மறுபடியும் கிழிச்சா என்னக்கா பண்றது?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். அந்த மாணவி தன் பையிலிருந்த பென்டிரைவைத் தொட்டுக் காட்டினாள்.

"கோப்பு நம்மகிட்டதானே இருக்கு. மறுபடியும் அடிப்போம்."